பனிப்புயல் நாளில் வேலைக்குப் போவதா, விடுவதா

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமாக இருக்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்று இரவு, ஷிப்ட் பார்க்கிற அப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ மனேஜர் போடுவார்: "நாளை கடை வழமைபோல் திறந்திருக்கும். உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம். வரமுடியாது என்று நினைப்பவர்கள் நேரத்தோடு அறிவியுங்கள்." படிக்க நல்ல வார்த்தைகள்தான். ஆனால் மூன்று வரியையும் சேர்த்துப் பாருங்கள். கடை திறப்பதா மூடுவதா என்று ஒரு நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவு, மணிக்கு 17 டொலர் 60 சதம் வாங்குகிற ஒருவரின் தலையில் வந்து இறங்குகிறது. அவர் அதைத் தனியாக, இருட்டில், விடிய நாலு மணிக்கு, ஜன்னல் திரையை விலக்கி ரோட்டைப் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

நான் கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோ பகுதியில் இருக்கிறேன். பல வருடங்களாக ஒரு பெரிய கடையில் வேலை. இப்போது ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் இருப்பதால், "அக்கா, இன்றைக்கு வரமுடியாது" என்று வருகிற போனை எடுப்பதும் நான்தான், அதை மேலே சொல்வதும் நான்தான். இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த நகரத்தில் கடைகளிலும் களஞ்சியங்களிலும் நம் ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அம்மாமார், கம்பஸ் பிள்ளைகள், பென்சன் வயது தாண்டியும் நிற்கிற ஐயாமார், போன வருடம் வந்திறங்கிய மாணவர்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த முடிவை எப்படி எடுப்பது என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

விடியக் காலை ஷிப்டில் யார் வருகிறார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். ட்ரக்கில் வந்த சாமான்களை இறக்கி, கடை திறக்கு முன் ராக்கைகளை நிரப்புகிற வேலை அது. ஐந்து அல்லது ஆறு மணிக்கு நிற்க வேண்டும். இந்த நேரத்துக்கு வருகிறவர்களில் கார் உள்ளவர்கள் குறைவு. மார்க்கம் ரோட்டில் ஒரு பஸ், ஃபிஞ்சில் இறங்கி இன்னொரு பஸ், சிலருக்கு அதற்கும் மேலே ஒன்று. 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம் புரண்டு அப்படியே நின்றுபோனதில் இருந்து, அந்தப் பாதையில் போய் வந்தவர்களும் பஸ்ஸில்தான் தொங்குகிறார்கள். பஸ் பனியில் சிக்கினால் நாம் சிக்கினோம், வேறு வழி கிடையாது. பிரெஸ்ரோ என்கிற பயண அட்டையில் இரண்டு மணித்தியாலம் மாறி ஏறலாம் என்று இருக்கிறது, ஆனால் புயல் நாளில் அந்த இரண்டு மணித்தியாலம் பஸ்ஸைப் பிடிக்கவே முடிந்துவிடும்.

2022 ஜனவரி 17 ஆம் திகதியை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். திங்கட்கிழமை. கோவிட்டின் ஒமிக்ரோன் அலை காரணமாக மூடியிருந்த பள்ளிக்கூடங்கள் அன்றுதான் திறக்க இருந்தன, புயல் வந்து திரும்பவும் மூடின. விமான நிலையத்தில் 36 சென்ரிமீற்றர், நகரத்தின் சில பகுதிகளில் 50 சென்ரிமீற்றருக்கும் மேல் கொட்டியது. டொன் வலி பார்க்வே, கார்டினர் என்ற இரண்டு நெடுஞ்சாலைகளையும் மூடினார்கள். நகரப் போக்குவரத்தை நடத்துகிற ரிரிசியின் நூற்றுக்கணக்கான பஸ்கள் ரோட்டிலேயே புதைந்து நின்றன. பள்ளிக்கூடம் மூடலாம், நெடுஞ்சாலை மூடலாம், மேயர் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லலாம், ஆனால் பல கடைகள் மூடவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் இருந்து இறங்கி, இடுப்பளவு ஒதுக்கிவிட்ட பனிக்குள் கால் வைத்து, மிச்சத் தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தவர்களை நான் கண்ணால் பார்த்தேன். கையுறையைக் கழற்ற விரல் மடங்காமல் ஒரு அம்மா லஞ்ச் ரூமில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது கடையில் வாடிக்கையாளர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ட்ரக்கும் வரவில்லை. மத்தியானத்துக்கு முன்னமே, வியாபாரம் இல்லை, விரும்பினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வந்த வழியாலேயே திரும்பவும் போக வேண்டும். சம்பளமும் நின்ற நேரத்துக்குத்தான்.

ஏன் போகிறீர்கள், வீட்டில் நிற்கலாமே என்று வீட்டில் இருந்து கொம்பியூட்டரில் வேலை செய்கிற நண்பர்கள் கேட்பார்கள். அக்கறையில் கேட்கிறார்கள், ஆனால் கணக்கு அவர்களுக்கு விளங்குவதில்லை. ஐந்து மணித்தியால ஷிப்ட் ஒன்றை விட்டால் 88 டொலர் போகும், வரிக்கு முன். பகுதி நேரக்காரருக்கு இப்படியான நாளுக்குச் சம்பளத்தோடு லீவு பெரும்பாலும் கிடையாது. வெளிநாட்டில் இருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் கம்பஸுக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதில் ஐந்து மணித்தியாலம் போனால் அந்த வாரக் காசில் ஐந்தில் ஒரு பங்கு போன மாதிரி. பேஸ்மென்ட் வாடகை புயலைப் பார்த்துக் குறையாது.

காசை விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வெளிப்படையாகக் கதைப்பதில்லை. ஒரு நாள் வராததற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது அபூர்வம். நடப்பது வேறு. இரண்டு கிழமை கழித்து வருகிற அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே இருபது மணித்தியாலம் இருந்த இடத்தில் பத்தோ பன்னிரண்டோ இருக்கும். ஏன் என்று கேட்டால், ஜனவரியில் வியாபாரம் குறைவு, எல்லாருக்கும் குறைத்திருக்கிறோம் என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம், ஏனென்றால் பண்டிகைக்குப் பிறகு எல்லாக் கடைகளிலும் மணித்தியாலம் குறையத்தான் செய்யும். ஆனால் யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை என்று பார்த்தால், புயல் அன்று வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்பது அங்கே தெரியும். எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஒன்றையும் நிரூபிக்க முடியாது. இந்தப் பயம்தான் ஆட்களை விடிய நாலரைக்கு பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மனேஜர் போட்ட செய்தியில் எத்தனை முறை "பாதுகாப்பு" என்று எழுதினாலும், அட்டவணை வேறு கதை சொன்னால் ஆட்கள் அட்டவணையைத்தான் நம்புவார்கள்.

போன வருடம் புயலுக்கு முதல் நாள் இரவு எங்கள் பிரிவில் இருக்கிற ஒரு தம்பி போன் எடுத்தார். தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்தவர், அவருக்கு அது முதல் குளிர்காலம்.

"அக்கா, நாளைக்கு நான் வரலைன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்களா?"

"இல்லைத் தம்பி, ஒரு நாளுக்காக ஒருத்தரும் எடுக்க மாட்டினம். ஆனா வரேலாது எண்டு தெரிஞ்சா இப்பவே சொல்லுங்கோ, விடிய நாலு மணி மட்டும் வச்சிருக்க வேண்டாம்."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடட்டுமா?"

"ஏன் பொய் சொல்லுறீங்கள்? பஸ் ஓடாது, பாதுகாப்பா வந்து சேரேலாது எண்டு உள்ளதையே எழுதி அனுப்புங்கோ. அனுப்பினதை அழிக்காமல் வச்சிருங்கோ."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மத்தவங்க எல்லாம் வருவாங்களாக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவர்கள் வந்து நான் மட்டும் வராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, ஒருவரும் போக விரும்பாத இடத்துக்குக் கடைசியில் எல்லாரும் போய்ச் சேர்கிறோம். அதற்குப் பிறகுதான் எங்கள் பிரிவில் புயலுக்கு முதல் நாள் இரவு எல்லாரும் ஒரே குழுவில் கதைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். யாருக்கு எந்த பஸ், யாருடைய காருக்கு விண்டர் ரயர் இருக்கிறது, யார் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள், யாருக்குச் சின்னப் பிள்ளைகள். மனேஜருக்கும் இது உதவிதான், ஆறு பேரில் நாலு பேர் வரமாட்டார்கள் என்று இரவு எட்டு மணிக்கே தெரிந்தால் அவரும் மேலே சொல்லலாம்.

இன்னொன்று. எல்லா மோசமான வானிலையும் ஒன்றல்ல, ஆனால் நாங்கள் பனி எவ்வளவு கொட்டும் என்பதை மட்டும்தான் பார்க்கிறோம். என் கணிப்பில் கொட்டும் பனி இவற்றில் கொஞ்சம் நேர்மையானது, கண்ணுக்குத் தெரியும், கால் வைத்தால் புதையும், பயம் தானாக வரும். உறைமழைதான் மிகவும் மோசம். வெளியே பார்த்தால் வெறும் மழை, ரோடு ஈரமாக இருப்பது போலத் தோன்றும், படியில் கால் வைத்த பிறகுதான் கண்ணாடி மாதிரி என்று தெரியும். 2013 டிசம்பர் 21, 22 இல் வந்த ஐஸ் புயலில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, நத்தார் (கிறிஸ்மஸ்) அன்றும் பல வீடுகள் இருட்டில்தான். அன்று மரக்கிளைகளும் மின்கம்பிகளும் நடைபாதையிலேயே விழுந்து கிடந்தன. உறைமழை என்று சொன்னால், ஐந்து மில்லிமீற்றர்தானே என்று நினைக்காமல் வீட்டில் நிற்கப் பாருங்கள்.

கடும் குளிர் இன்னொரு வகை. வானம் நீலமாக இருக்கும், பஸ்ஸும் ஓடும், ஆகவே போகலாம் என்றுதான் தோன்றும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28 க்குக் கீழே உணரப்படும் குளிரில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும் என்று வானிலை எச்சரிக்கை தருகிற அரச அமைப்பான சுற்றாடல் கனடா சொல்கிறது. வழமையாக ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிற பஸ் அன்று இருபத்தைந்து நிமிடம் வராது. ரோட்டு உப்பும் மைனஸ் 10, 12 ஐத் தாண்டினால் ஒழுங்காக வேலை செய்யாது, அதனால் உப்புப் போட்ட ரோடுதானே என்ற நம்பிக்கையும் அந்த நாட்களில் பொருந்தாது.

புயல் நின்றால் ஆபத்து நின்றுவிட்டது என்று கடைகள் நினைப்பதும் சரியில்லை. 2025 பெப்ரவரியில் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் அரை மீற்றருக்கு மேல் பனி சேர்ந்துவிட்டது. அதை அள்ளி முடிக்க நகரசபைக்கு வாரக்கணக்கில் பிடித்தது. ரீவியில் செய்தி முடிந்து கன நாளான பிறகும், எங்கள் ஆட்கள் பஸ் கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவே குவிந்திருந்த பனிமேட்டில் ஏறி இறங்கித்தான் வேலைக்கு வந்தார்கள். அறுபது வயது தாண்டிய ஒருவர் அதில் ஏறுவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். அப்படி விழுந்தால் அன்றைக்கே படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். நகரசபையின் நடைபாதை என்றால் 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், தனியார் இடம் என்றால் 60 நாட்கள். நம் ஆட்கள் பலர் வலி குறையட்டும் என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எலும்பில் வெடிப்பு என்று தெரிந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

போவதைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டுத் திரும்பி வருவதை யோசிக்காமல் விடுகிறோம், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வெறும் தூறல் பனிதான், சரி என்று கிளம்பி வருகிறோம். புயல் உச்சத்துக்கு வருவது இரவு ஒன்பது மணிக்கு. கடை பூட்டி, காஷ் கணக்குப் பார்த்து, தரையைக் கூட்டி வெளியே வரும்போது பத்தரை. பஸ் இடைவெளி கூடியிருக்கும், மேட்டுப் பாங்கான இடங்களில் சில ஸ்டாப்புகளை ரிரிசி புயல் நாளில் நிறுத்தியே விடும், நீங்கள் நிற்கிற ஸ்டாப் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலே பார்த்திருக்க வேண்டும். பகலில் உதவிக்கு ஒரு காரையாவது மறிக்கலாம். இரவில் ஒரு பெண்பிள்ளை தனியாக அந்த ரோட்டில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். காலை ஷிப்ட்காரரைப் பற்றியாவது நாலு பேர் கவலைப்படுவார்கள். பூட்டுகிற ஷிப்ட்காரரைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால், ஒரு கடை செய்யக்கூடிய மிகச் சுலபமான நன்மை, புயல் நாளில் இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் பூட்டிவிடுவதுதான். இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்தப் புயலில் வந்து சாமான் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

சட்டம் என்ன சொல்கிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது வேலை இடத்துக்குள்ளே இருக்கிற ஆபத்துக்கு. வீட்டில் இருந்து வேலைக்கு வரும் பயணத்தை அது பொதுவாகத் தொடாது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு தருகிற டபிள்யூ.எஸ்.ஐ.பி. யும் அப்படித்தான். கடையின் கட்டுப்பாட்டில் உள்ள பார்க்கிங்குக்குள் வந்த பிறகு விழுந்தால் ஒரு கதை, பஸ் ஸ்டாப்பில் விழுந்தால் வேறு கதை. மூன்று மணித்தியால விதி என்று ஒன்றும் இருக்கிறது. வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிறவரை வரச் சொல்லிவிட்டு முன்னதாக அனுப்பினால், குறைந்தது மூன்று மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும். ஆனால் தீ, மின்வெட்டு, புயல் போன்ற காரணங்களால் வேலை நின்றுபோனால் அதற்கு விலக்கு. மின்சாரம் போய்க் கடை பூட்டுவது ஒன்று, வாடிக்கையாளர்கள் வரவில்லை என்று உங்களை அனுப்புவது இன்னொன்று. இரண்டாவது நடந்தால் பேசாமல் வராமல் தொழில் அமைச்சைக் கேட்டுப் பாருங்கள்.

லீவு விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2018 இல் ஒன்ராறியோவில் தனிப்பட்ட அவசர விடுப்பு என்று வருடத்துக்கு 10 நாள், அதில் இரண்டு நாள் சம்பளத்தோடு, எல்லாத் தொழிலாளருக்கும் வந்தது. பகுதி நேரக்காரருக்கும்தான். ஒரு வருடம்தான். 2019 பிறந்ததும் அதை எடுத்துவிட்டு, நோய்க்கு மூன்று நாள், குடும்பப் பொறுப்புக்கு மூன்று நாள், நெருங்கியவர் இறந்தால் இரண்டு நாள் என்று பிரித்துவிட்டார்கள், ஒன்றுக்கும் சம்பளம் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம் திடீரென்று மூடி, பார்க்க ஆள் இல்லை என்றால் குடும்பப் பொறுப்பு நாளைக் கேட்கலாம், அதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை இல்லாத, காய்ச்சல் இல்லாத, பஸ் மட்டும் இல்லாத ஒருவருக்கு அந்த எட்டு நாளில் எந்த நாளும் பொருந்தாது.

முடிவு நேரம் கடந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. இங்கே இருந்து சுமார் 160 கிலோமீற்றர், அமெரிக்காவில் இருக்கிற பஃபலோ. 2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை, நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு. புயல் வரப்போகிறது என்று நாட்கணக்கில் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் பஃபலோ இருக்கிற ஈரி கவுன்ரியில் வாகனம் ஓட்டத் தடை அமலுக்கு வந்தது அன்று காலை ஒன்பதரை மணிக்கு. அதற்குள் காலை ஷிப்ட்காரர்கள் எல்லாரும் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். 37 மணித்தியாலம் விடாமல் பனிப்புயல் அடித்தது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டிகளும்கூடப் போகமுடியாமல் நின்றன. 40 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காருக்குள்ளே சிக்கியவர்கள், நடந்து போக முயன்று தெருவில் விழுந்தவர்கள், உதவி வராமல் வீட்டிலேயே போனவர்கள். தடை முதல் நாள் இரவே வந்திருந்தால், வேலைக்குப் போகாமல் இருக்க அந்த மக்களுக்கு ஒரு காரணம் கையில் கிடைத்திருக்கும். மனேஜருக்கும் கிடைத்திருக்கும். பிறகு அந்தப் பகுதி மக்களே இதைக் கேட்டார்கள்.

கார் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. கியூபெக்கில் டிசம்பர் 1 இல் இருந்து மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம், இங்கே கட்டாயம் இல்லை, அதனால் பலர் போடுவதில்லை. 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும், பனி இல்லாத நாளிலும் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். போட்டால் காப்புறுதியில் கழிவு கேட்கலாம், ஒன்ராறியோவில் கொம்பனிகள் அதைத் தந்தே ஆக வேண்டும். பனியில் கார் சிக்கிவிட்டால் இறங்கி நடக்க வெளிக்கிடாதீர்கள். என்ஜினை ஓடவிடு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயை மூடிய பனியை அகற்றுங்கள், இல்லையென்றால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வந்துவிடும், அதற்கு மணமே கிடையாது. மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் போல ஓடவிட்டு நிறுத்துங்கள், ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காரில் ஒரு போர்வையும் பனி அள்ளுகிற சவளும் டிசம்பர் தொடங்கியதில் இருந்து கிடக்கட்டும்.

மருந்துக்கடை திறந்திருக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பால்மா தேவைப்படுகிற குழந்தை இருக்கிறது, இன்சுலின் தேவைப்படுகிற ஐயா இருக்கிறார். மளிகைக் கடையும் கொஞ்ச நேரம் திறக்கலாம், அப்படித் திறந்தால் அந்த நாளுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து, விரும்பி வருகிறவர்களை வைத்துத் திறக்கட்டும், தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு டாக்சி போட்டுக் கொடுக்கட்டும். கோவிட் தொடங்கியபோது, 2020 மார்ச்சில், பெரிய மளிகைக் கடைகள் மணிக்கு இரண்டு டொலர் கூட்டிக் கொடுத்தன, ஜூனில் நிறுத்தின. நாங்கள் அத்தியாவசியம் என்று எல்லாரும் கைதட்டிய காலம் அது. புயல் நாளிலும் நாங்கள் அத்தியாவசியம் என்றால் அது சம்பளத்தில் தெரியட்டும். ஆனால் சட்டை, செருப்பு, திரைச்சீலை, போன் கவர் விற்கிற கடை ஒன்று சிவப்பு எச்சரிக்கை நாளில் எதற்குத் திறக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வண்ணங்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, 2025 நவம்பரில் இருந்து சுற்றாடல் கனடா எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தருகிறது. மஞ்சள் அடிக்கடி வரும், ஆரஞ்சு குறைவு, சிவப்பு மிக அபூர்வம். ஒரு கடைக்கு விதி எழுத இதை விட வசதியான ஒன்று கிடைக்காது. யாருடைய பயம் பெரிது என்று ஆராய வேண்டியதில்லை, மனேஜரும் பணியாளரும் ஒரே நிறத்தைப் பார்க்கிறார்கள்.

இந்தக் குளிர்காலத்துக்கு நாங்கள் அதைத்தான் செய்திருக்கிறோம். ஒன்ராறியோவில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கூட்டுப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் உள்ளவர்களின் பெயர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் லஞ்ச் ரூம் சுவரைப் போய்ப் பாருங்கள், பலர் பல வருடம் வேலை செய்தும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் குழு எழுத்தில் ஒரு பரிந்துரை கொடுத்தால் முதலாளி 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாங்கள் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: அடுத்த நாள் கடை திறப்பதா இல்லையா என்பதை முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் அறிவிக்க வேண்டும், ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் வராதவர்களுக்கு வருகைப் பதிவில் குறி போடக்கூடாது, இரவு எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும், சிவப்பு என்றால் திறக்கக்கூடாது, அந்த ஷிப்டில் பெயர் இருந்தவர்களுக்குப் பாதிச் சம்பளமாவது வேண்டும், பார்க்கிங்குக்கும் பணியாளர் வாசலுக்கும் விடிய ஐந்து மணிக்கு முன் உப்புப் போட்டிருக்க வேண்டும். முழுச் சம்பளம் கேட்க வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் வாதாடினார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் முதல் தடவை பாதியில் தொடங்குவோம் என்று முடிவாகிற்று.

கடிதம் போன கிழமை கொடுத்தோம். உப்பு விஷயத்துக்கு ஓம் என்று வாயால் சொல்லிவிட்டார்கள், மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வர வேண்டும். வந்ததும் எழுதுகிறேன். உங்கள் கடையிலும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள், அடுத்த கடிதத்துக்கு உதவும்.